மக்கிய மரத்தரைக்கு எந்தப் பலகை? குன்னூர் ஓட்டு வீட்டு அறை ஒன்றின் வேலைப் பதிவு

அறை 12க்கு 10 அடி. குளியலறைச் சுவரை ஒட்டி எட்டடி நீளத்துக்கு, சுவரிலிருந்து மூன்றடி வரை, கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்குகிறது. மேலே 5 அங்குல அகலத் தேக்குப் பலகைகள், ஒன்றுக்குள் ஒன்று நாக்கும் பள்ளமுமாகச் செருகியவை. பல வருஷம் தேய்ந்து இப்போது கனம் 23 மி.மீ. அவற்றுக்கு அடியில் 3க்கு 5 அங்குல ஜாயிஸ்ட் கட்டைகள், 16 அங்குலத்துக்கு ஒன்று. ஜாயிஸ்டின் ஒரு முனை குளியலறைச் சுவருக்குள், மறுமுனை எதிர்ச் சுவருக்குள், நடுவே ஒரு குட்டைச் சுவரின் மேல் ஓய்வு. தரைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒன்றரை அடி வெற்றிடம். நீலகிரியில் பழைய வீடுகள் பலவற்றில் இந்த அமைப்புதான்.

கடைக்குப் போய் "தரைக்கு நல்ல பிளைவுட் கொடுங்க" என்று கேட்பதற்கு முன்னால், தரை எதனால் போனது, எவ்வளவு தூரம் போனது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். ஷீட்டின் கனம், நீளம், ரகம் மூன்றும் இந்த இரண்டு விடையிலிருந்துதான் வரும்.

முதலில் குத்திப் பார்ப்பது

ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். பலகையின் ஓரத்திலும் ஜாயிஸ்டின் பக்கவாட்டிலும் குத்த வேண்டும். நல்ல தேக்கில் முனை ஓரிரண்டு மி.மீ. மேல் இறங்காது. வெண்ணெயில் இறங்குவதுபோல் கால் அங்குலம் போனால் அந்த இடம் முடிந்தது. எடுத்த துண்டையும் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக வெடித்து, சின்னச் சின்னக் கட்டங்களாக உதிர்ந்து, விரலில் நசுக்கினால் பழுப்புப் பொடியானால் அது பூஞ்சை மக்கு. உள்ளே மண் பூசிய சந்துகள் ஓடினால் கரையான். மேலே குண்டூசித் துளைகளும் கீழே மைதா மாவுபோல் தூளும் இருந்தால் உளுவண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மக்குக்குத் தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் மருந்து. கரையானுக்கு மண்ணிலேயே மருந்து போட வேண்டும், அது பூச்சி மருந்து அடிப்பவர் வேலை.

ஈரமானி இருந்தால் இன்னும் நல்லது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வளராது. 28, 30-ஐத் தொட்டுவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். இந்த அறையில் நடுவிலுள்ள பலகைகள் சரியாக இருந்தன. சுவரை நெருங்க நெருங்க எண் ஏறியது. ஏழு ஜாயிஸ்ட் முனைகளில் 3, 4, 5 ஆகிய மூன்றும் சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் வரை கூழ். மற்ற நான்கும் ஈரம், ஆனால் கெட்டி.

தண்ணீர் வந்த வழி இரண்டு. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பைச் சுற்றிய சிமென்ட் விட்டுப்போய் நீர் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. வெளிச்சுவரின் காற்றுத் துளைகளை மறைத்துப் பூச்செடி மண் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் அடியில் போன ஈரம் வெளியேற வழியில்லை. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை அடிமண் காயவே காயாது. பலகை வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

டிராப்பைத் திரும்பப் பதித்து, துணிப்பந்தால் வாயை அடைத்து, குளியலறைத் தரையில் இரண்டு அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கிப் பார்த்த பிறகே மர வேலைக்கு வரலாம். செடி மண்ணை வெட்டி எடுத்து, துளைகளுக்கு இரும்புக் கம்பி வலை அடிக்க வேண்டும், எலி நுழையாமலிருக்க. இந்த இரண்டையும் விட்டுவிட்டு எவ்வளவு விலை உயர்ந்த ஷீட் போட்டாலும் நாலைந்து மழைக்குள் அதே இடம் மறுபடி அமுங்கும்.

கடையில் என்ன கேட்பது

பிளைவுட்டை ஆசாரிகள் நூல் கணக்கில்தான் சொல்வார்கள். எட்டு நூல் ஓர் அங்குலம். 12 மி.மீ. நாலு நூல், 19 மி.மீ. ஆறு நூல், 25 மி.மீ. எட்டு நூல். 16 அங்குல இடைவெளிக்கு ஆறு நூல் கச்சிதம். நாலு நூல் ஷீட் ஆள் நடக்கும்போது தாங்கும். ஆனால் நாலு கால் ஸ்டீல் பீரோ ஒன்றை இரண்டு ஜாயிஸ்டுக்கு நடுவே நிறுத்தினால் ஒரு வருஷத்தில் குழி விழும். ஜாயிஸ்ட் இடைவெளி 24 அங்குலமாக இருக்கும் வீட்டில் ஆறு நூலும் துள்ளும், அங்கே எட்டு நூல்.

கனத்தைவிட ரகத்தில்தான் ஏமாறுவது அதிகம். கமர்ஷியல் என்று விற்பது எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகம், ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரத்தின் கீழ் வருவது. அலமாரிக்கு அது போதும். தரைக்கு அடியில் ஓதம் ஏறும் இடத்தில் அதன் பசை விட்டுவிடும், ஓரம் அப்பளம்போல் பொங்கும். பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும் ரகம்) அதற்கு ஒரு படி மேல். உலர்ந்த அறைத் தரைக்கு அது தாங்கும். குளியலறையை ஒட்டிய தரைக்கு ஐ.எஸ். 710, அதாவது மரைன் பிளைவுட்தான். அதன் பசைப் பிணைப்பைச் சோதிப்பது 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு.

இங்கே ஒரு தந்திரம் நடக்கிறது. ஷீட்டின் மேல் பெரிதாக "710" என்று அச்சடித்திருப்பார்கள், பக்கத்தில் "மரைன்", "வாட்டர் புரூஃப்" என்றெல்லாம் இருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் இருக்காது. அந்த 710 வெறும் பெயர். முத்திரையின் மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் சேர்ந்திருந்தால்தான் கணக்கு. உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தரத்துக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பார்க்கலாம்.

கண்ணும் கையும் சொல்வதையும் கேட்க வேண்டும். ஷீட்டின் நான்கு ஓரத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தால் உள் அடுக்குகளில் சந்து இருக்கிறதா என்று தெரியும். ஒரு சந்து தெரிந்தால் உள்ளே பத்து இருக்கும். ஐந்து ரூபாய் நாணயத்தால் மேற்பரப்பை வரிசையாகத் தட்டினால், அடுக்கு விட்ட இடத்தில் 'டொக்' என்று வெற்றொலி வரும். 8க்கு 4 அடி, 18 மி.மீ. மரைன் ஷீட் சுமார் 35 முதல் 40 கிலோ இருக்கும். ஒரே ஆள் அலட்சியமாகத் தூக்கித் தோளில் போட்டால் சந்தேகப்படுங்கள். கனத்தை வெர்னியரால் அளக்க வேண்டும். 19 என்று விற்பது 18.4 வருவது சகஜம், இந்த வேலையிலும் அப்படித்தான். பின்னால் மட்டம் பார்க்கும்போது இந்த அரை மி.மீ. திரும்ப வரும்.

மனம் திருப்திப்படவில்லை என்றால் வேக வைத்துப் பார்க்கலாம். கடையில் வெட்டுத் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு அங்குலச் சதுரமாக வெட்டி, சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் முழுகக் கொதிக்கவிட வேண்டும், தண்ணீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டு. மேலே மிதக்காமல் இருக்க ஒரு கல் வைக்கவும். எம்.ஆர். துண்டு சீக்கிரமே விளிம்பில் வாய் பிளக்கும், அடுக்கு அடுக்காக விரலால் உரிக்கலாம். நல்ல மரைன் துண்டு எட்டு மணி நேரம் கழித்தும் கறுத்து வீங்கியிருக்குமே தவிர, கத்தி முனையைப் பசைக் கோட்டில் நெம்பினால் மரம்தான் சிராய்ந்து வரும், பசை பிரியாது.

அதற்காக மரைன் பிளைவுட் மக்காது என்று நினைத்துவிடக் கூடாது. கொதிநீர்ச் சோதனை பசையைப் பற்றியது. பசைக்கு நடுவிலிருப்பது மரம்தான், தொடர்ந்து நனைந்தால் அடுக்குகள் ஒட்டியபடியே மக்கும்.

மற்றவை பற்றி. பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப்-உம் தரைப்பக்கமே வரக் கூடாது. பிளாக் போர்டு நேராக நிற்கும், கதவுக்கு அருமை, ஆனால் நடுவிலுள்ள ரீப்பர்களுக்கு இடையில் சந்து இருக்கும். பீரோ கால் சரியாக அந்தச் சந்தின் மேல் வந்தால் மேல்தோல் உடையும். சென்டரிங் ஷீட் என்கிற ஷட்டரிங் பிளைவுட்டைச் சிலர் மலிவுக்காகப் போடுகிறார்கள். ஐ.எஸ். 4990 முத்திரை உள்ளதாக இருந்தால் பசை நல்ல பசைதான். கிலோக் கணக்கில், 28 கிலோ, 30 கிலோ என்று விற்பவை எல்லாம் அந்த முத்திரை உள்ளவை அல்ல. தவிர, அதன் வழுவழுப்பான ஃபிலிம் மேல் பசையும் பெயின்டும் பிடிக்காது. மாட்டுக் கொட்டகைப் பரணுக்குப் போடலாம். சிமென்ட் கலந்த பார்ட்டிகிள் போர்டு, ஐ.எஸ். 14276, தண்ணீருக்கு அஞ்சாது, கரையானும் தொடாது. ஆனால் 18 மி.மீ. ஷீட் ஒன்று 65 கிலோவைத் தாண்டும், முன்துளை இல்லாமல் திருகினால் ஓரம் உடையும், வளையாமல் விரிசல் விடும். மேலே டைல்ஸ் ஒட்டப்போகும் குளியலறைத் தரை என்றால் அதுதான் சரி. பக்கத்தில் துள்ளும் பழைய தேக்குப் பலகையோடு சேர்த்துப் போட்டால் சந்திப்பில் வெடிப்பு வரும்.

பழைய தேக்கையே போடலாமே என்றால், கண்ணில் படும் முன்கூடத்துக்கு அதுதான் என் தீர்ப்பும். காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் இடித்த வீட்டுப் பலகைகள் கிடைக்கும். ஐந்தங்குல அகலத்தில், அதே கனத்துக்கு இழைத்து, நாக்குப் பள்ளம் எடுத்துத் தர ஆள் வேண்டும். விலையும் கூலியும் பிளைவுட்டைப்போல் பல மடங்கு. இந்த அறையில் அந்த மூன்றடியின் மேல் அலமாரி நிற்கப்போகிறது, மீதி விரிப்பு. அதனால் ஒரே ஒரு மரைன் ஷீட்.

பிரித்து எடுப்பது, அடியைத் தாங்குவது

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வேலை தொடங்குகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அங்கே தரை ஷீட்டின் ஓரத்திலேயே நாக்குப் பள்ளம் வெட்டி வருகிறது. நம் கடை பிளைவுட்டில் ஓரம் சப்பை. அதனால் ஒவ்வோர் ஓரத்துக்கும் அடியில் கட்டை இருந்தே ஆக வேண்டும்.

முதலில் முதலாம், ஏழாம் ஜாயிஸ்டுகளின் நடுக்கோட்டைக் குறிக்க வேண்டும். 16 அங்குலப்படி ஆறு இடைவெளிக்கு 2438 மி.மீ. வர வேண்டும். அளந்தால் 2425. பழைய வீட்டில் இப்படித்தான் வரும், கணக்கை நம்பி ஷீட்டை வெட்டக் கூடாது. சர்க்குலர் ரம்பத்தின் ஆழத்தை 24 மி.மீ. வைத்து அந்தக் கோட்டில் அறுத்தால் பலகை மட்டும் அறும், ஜாயிஸ்டில் கீறல் மட்டுமே விழும். ஆணி இருக்கும் என்பதால் கார்பைடு பல் பிளேடு, கண்ணாடி கட்டாயம். அறையின் பக்கம் ஏழாவது பலகையோடு நிறுத்தி, நிற்கப்போகும் எட்டாவது பலகையின் பள்ளத்துக்குள் செருகியிருக்கும் ஏழாவதின் நாக்கை உளியால் வெட்டிவிட்டால் பிரிப்பது சுலபம். கட்டப்பாரையை ஜாயிஸ்டின் மேல் ஊன்றி நெம்பவும், பக்கத்துப் பலகையின் மேல் அல்ல.

அடுத்து எல்லோரும் செய்யும் தவறு, அழுகிய முனையை உடனே அறுத்துவிடுவது. அறுத்த நொடியில் ஜாயிஸ்ட் ஒரு பக்கம் தாங்கலில்லாமல் தொங்கும். அறையின் மீதித் தரையும் சேர்ந்து இறங்கும். முதலில் தாங்கல், பிறகு அறுப்பு.

தாங்கல் எப்படி? ஈரம் கண்ட சுவருக்குள் மரத்தைத் திரும்பச் செருகுவதில்லை. குளியலறைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கி, நாலரை அங்குலக் கனத்தில் ஒரு குட்டைச் சுவர், எட்டரை அடி நீளம், ஒன்றரை அடி உயரம். கீழே ஆறு அங்குலக் கான்கிரீட் படுகை. செங்கல் 60 பிடிக்கும், உடைசலுக்குச் சேர்த்து 70 எடுத்தது. இரண்டாவது வரிசையிலும் நான்காவது வரிசையிலும் மூன்று கல்லுக்கு ஒரு இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று ஓடும். தலையில் ஓர் அங்குலக் கடப்பைக் கல், அதன் மேல் தார் ஷீட் துண்டு. ஏழு நாள் தண்ணீர் காட்டி, பிறகு ஒரு வாரம் காயவிட்டு, ஜாயிஸ்டுக்கும் கல்லுக்கும் உள்ள சந்தில் ஸ்லேட் சில்லை இறுக்கமாகச் செருகிய பிறகு ரம்பத்தை எடுக்கலாம். ஏழு முனைகளையும் சுவர் முகத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி அறுத்து, சுவரிலிருந்த பொந்துகளைச் செங்கல் துண்டால் அடைத்தாயிற்று.

கூழான மூன்று ஜாயிஸ்டுக்கும் பக்கத் துணைக்கட்டை. அழுகிய ஒன்பது அங்குலத்தையும், அதற்கு மேல் ஒரு சாண் நல்ல மரத்தையும் அறுத்து எறிந்துவிட்டு, அதே 5 அங்குல உயரத்தில் ஐந்தடித் துண்டை நல்ல பகுதியோடு மூன்றடிக்குக் குறையாமல் ஒட்டி, 12 மி.மீ. போல்ட் ஆறு, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி, இருபுறமும் பெரிய வாஷர். துணைக்கட்டையின் முனைதான் இப்போது குட்டைச் சுவரின் மேல் உட்காரும். பச்சை மரத்தைக் கொண்டுவந்து போல்ட் போட்டால் காய்ந்து சுருங்கி எல்லா நட்டும் தளரும். காய்ந்த கட்டையானாலும் மூன்று மாதம் கழித்து ஒருமுறை முடுக்கிவிட வேண்டும்.

மருந்து: பத்து லிட்டர் வெந்நீரில் 600 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, எல்லா முனைகளுக்கும் வெட்டு முகங்களுக்கும் மூன்று முறை, ஒவ்வொன்றும் உறிஞ்சிய பின் அடுத்தது. கொஞ்சம் ஈரமான மரத்தில் இது இன்னும் ஆழமாக இறங்கும். நீர் ஓடினால் கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் வெளிவேலைக்கு ஆகாது. மண் மேல் 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, இணைப்பில் ஓரடி மேலேறவிட்டு, கல் வைத்தாகிவிட்டது.

ஷீட் இறங்குவது

ஷீட்டை வாங்கி வந்ததும் அதே அறையில் ரீப்பர் துண்டுகள் மேல் படுக்கவைத்து ஒரு வாரம். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், பிறகு எந்தத் திருகாணியும் நிமிர்த்தாது. மேல்தோலின் ரேகை ஜாயிஸ்டுகளுக்குக் குறுக்கே ஓட வேண்டும். நம் ஷீட்டுகளில் பெரும்பாலும் எட்டடிப் பக்கமாக ஓடும். சிலவற்றில் நாலடிப் பக்கமாக இருக்கும், கவனிக்காமல் வெட்டினால் பலம் பாதி போச்சு.

வெட்டிய அளவு 2419க்கு 901. நீளத்தில் இரு முனையிலும் 3 மி.மீ., அறைப்பக்கம் பலகையோடு 3 மி.மீ., சுவரோரம் 10 மி.மீ. சந்து. 3 மி.மீ. சந்துக்கு டைல்ஸ் ஸ்பேசரைச் செருகிக்கொண்டால் போதும். சந்து விடாமல் இறுக்கிப் போட்டால் அடுத்த மழைக்காலத்தில் நடுவில் மேடு கட்டும்.

வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய். பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் இரண்டு கைக்குக் குறையாமல், அடிப்பக்கம் முழுவதும் ஒரு கை. முதல் கையை ஓரம் ஒரே நிமிஷத்தில் உறிஞ்சிவிட்டு, பூசாததுபோல் வெளிறி நிற்கும். இரண்டாவதும் அப்படியே போனால் மூன்றாவது கை கொடுக்க வேண்டும்.

மட்டம்: பழைய பலகை 23, ஷீட் 18.4. ஜாயிஸ்ட் தலையில் 4 மி.மீ. மரைன் பட்டை அடித்தால் 22.4 வந்தது, மீதி அரை மி.மீ. பழைய பலகையின் விளிம்பைச் சீவியதும் தெரியவில்லை. பட்டையை ஜாயிஸ்ட் முழு நீளத்துக்கும் போட வேண்டும். அங்கங்கே துண்டு வைத்தால் நடக்கும்போது கிறீச்சிடும். ஷீட்டின் இரு நீள ஓரத்துக்கும் அடியில் ஜாயிஸ்டுகளுக்கு நடுவே 3க்கு 2 அங்குலக் குறுக்குக் கட்டைகள், பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. இடைவெளி ஒவ்வொன்றும் வேறு என்பதால் ஒவ்வொன்றாக அளந்து வெட்டியது.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு உடனே பி.யு. பசையைக் கோடாக இட்டு ஷீட்டை இறக்க வேண்டும். 8-ஆம் நம்பர், 50 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகாணி. பட்டை சேர்ந்ததால் இந்த நீளம், 38 போட்டால் ஜாயிஸ்டில் போதுமான பிடி கிடைக்காது. ஓரங்களில் 150 மி.மீ.க்கு ஒன்று, நடு ஜாயிஸ்டுகளில் 300க்கு ஒன்று. முனை ஜாயிஸ்டுகளில் 14, நடுவில் 20, குறுக்குக் கட்டைகளில் 24, மொத்தம் 58. கறுப்பு ஜிப்சம் திருகாணி வேண்டாம், பழைய தேக்கில் தலை முறிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். எஸ்.எஸ். ஆனாலும் 3 மி.மீ. முன்துளை போடாமல் திருகினால் அதுவும் முறியும், அது கடினப்படுத்திய எஃகைவிட மெத்து. பசை காய்வதற்குள் நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கி வர வேண்டும். நான்கு மூலையையும் முதலில் இறுக்கினால் நடுவில் காற்று மாட்டி வயிறு தள்ளும்.

நான்காம், ஐந்தாம் ஜாயிஸ்டுகளுக்கு நடுவே ஓரடிச் சதுரத்தில் ஒரு மூடி வெட்டியிருக்கிறது, அலமாரிக் காலுக்கு வெளியே வருமாறு. பக்கவாட்டில் அடித்த ரீப்பர் மேல் அது உட்காரும், நாலு பித்தளைத் திருகாணி, பசை கிடையாது. முதல் இரண்டு மழைக்காலத்துக்கு நவம்பர் கடைசியில் ஒரு தடவை திறந்து ஈரமானியைத் துணைக்கட்டையின் முனையில் ஊன்றிப் பார்க்க வேண்டும். 18க்குள் இருந்தால் மூடிவிடலாம். 20-ஐத் தாண்டினால் டிராப்பை மறுபடி பார்க்க வேண்டும், ஷீட்டை அல்ல.